கரையில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

அந்தத் தடித்த கடிதம் வந்த செவ்வாய்க்கிழமை அருள்மலருக்கு நூற்றியிருபது ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுற்ற வேண்டியிருந்தது. பாரிசுக்கு வெளியே ஸ்தேனில் யாரோ பிள்ளைக்குத் தேவாலயத்தில் முதல்நன்மை. தபால்காரன் மணியடித்துக் கையெழுத்துக் கேட்டபோது அவனுடைய பேனையிலெல்லாம் மா அப்பிவிட்டது. அவன் சிரித்தபடி அதைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு படியிறங்கினான்.

வேறு யாராக இருந்தாலும் கடிதத்தைக் குளிர்பெட்டிக்கு மேலே போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். பாரிசில் தமிழர் கூடி வாழும் லா ஷப்பல் வீடுகளில் பிரெஞ்சுக் கடிதங்கள் குடியிருக்கும் இடம் அதுதான். வாசிக்கத் தெரிந்த ஆள் வரும்வரை அவை அங்கேயே கிடந்து எண்ணெய்ப் பிசுக்குப் பிடிக்கும். அருள்மலரின் வருத்தம் வேறு. மூடிக் கிடக்கிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. பக்கத்து வீட்டுக்காரியின் பார்சலையே பிரித்துப் பார்க்க ஒருகாலத்தில் கை துருதுருத்தவள், தன் பெயருக்கு வந்ததை விடுவாளா? கை கழுவாமலே உறையைக் கிழித்தாள்.

உள்ளே ஒரு படம். நடுவில் நீலமாக ஏரி. சுற்றிவரக் கரையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் இலக்கமும் ஒரு நிறமும் போட்டிருந்தார்கள். பதினாறு மஞ்சள். பதினெட்டு மஞ்சள். நடுவில் பதினேழு மட்டும் கரும்பச்சை, அதன்மேல் சரிவாகக் கோடுகள். பதினேழு அவர்களுடைய வீடு.

"ஏன் எங்களுக்கு மட்டும் பச்சை?" என்று அவள் ரோல்ஸைப் பார்த்துக் கேட்டாள்.

ஏரிக்கு செர்வோல் என்று பெயர். பெயர்தான் ஏரி, ஆற்றை மறித்து அணை கட்டி, மின்சாரக் கொம்பனி ஒன்று தேக்கி வைத்திருக்கிற தண்ணீர். பாரிசிலிருந்து காரில் மூன்று மணித்தியாலம், மோர்வான் மலைப்பக்கம். அவளும் கணவன் யூலியனும் அங்கே ஒரு சின்னக் கல்வீடு வாங்கி எட்டு வருடமாகிறது. வீடு அவர்களுடையது. பின்வேலியிலிருந்து தண்ணீர்வரைக்கும் போகிற களிமண் சரிவு கொம்பனியினுடையது. அந்தக் கரையில் வீடு வைத்திருக்கிற எல்லாருக்கும் இதே கதைதான். கண்ணுக்குத் தண்ணீர் சொந்தம், காலுக்குச் சொந்தமில்லை.

அந்தச் சரிவில் யூலியன் படி கட்டியிருந்தான். யாரையும் கேளாமல் கட்டிய சீமெந்துப் படி.

அருள்மலர் கிழமையில் ஆறு நாள் பொரிக்கிற தாச்சிக்கு முன்னால் நிற்கிறவள். பின்னேரமானால் கால் இரண்டும் பணியாரமாக வீங்கிவிடும். ஐந்தாம் மாடிக்கு லிஃப்ட் இல்லை. அந்தப் படியில் உட்கார்ந்து முழங்கால்வரை தண்ணீரில் விட்டால், ஒரு மணித்தியாலத்தில் தன் கணுக்காலைத் தானே திரும்பப் பார்ப்பாள். படியில்லாமல் அந்தச் சரிவில் இறங்க அவளுடைய முழங்கால் விடாது. படி போனால் அவளுக்கு ஏரி போனது மாதிரித்தான். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமலே, அந்தப் பச்சைக்கோடு படிக்குத்தான் வந்திருக்கிறதென்று அவளுக்குப் பட்டது.

அடுப்பை நிற்பாட்டிவிட்டு ரூ காய் தெருவுக்கு நடந்தாள்.

அங்கே ஒரு தேநீர்க்கடையின் கடைசி மேசையில் காலை பதினொரு மணிக்கு சிரில் ஐயாவைப் பார்க்கலாம். புதுச்சேரிக்காரர். நகரசபை ஒன்றில் முப்பத்தைந்து வருடம் எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒரு தேநீருக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுப்பார். இரண்டாவது தேநீரை வாங்கமாட்டார், நித்திரை வராதாம்.

அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"இது இன்னும் ப்ரொஜேதான் மதாம், முடிவாகல. ஏரிக்கரையை எப்படி நிர்வாகம் பண்றதுன்னு புதுசா ப்ளான் போடுறாங்க. மஞ்சள்னா ஜனங்க இறங்கலாம், படகு கட்டலாம். பச்சைக்கோடு போட்டா யாரும் இறங்கக் கூடாது. அங்க இருக்கிற படி, பலகை எல்லாத்தையும் எடுத்துட்டு நாணலுக்கும் பறவைக்கும் விட்டுடுவாங்க."

"பறவைக்கு எங்கட கரைதானோ கிடைச்சது? பக்கத்து வீட்டு ரேமண்டின்ரை கரையிலை இறங்காதோ?"

"இருங்க, காரணம் போட்டிருப்பாங்க." தாள்களைப் புரட்டினார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. முகமும் நின்றது. "எல்லா வீட்டுக்காரங்களையும் கேட்டுத்தான் நிறம் போட்டிருக்காங்க. இலக்கம் பதினேழு... உரிமையாளர் கரையை உபயோகிப்பதில்லை என அறிவித்துள்ளார்."

"ஆர் அறிவிச்சது?"

சிரில் ஐயா ஒரு மிடறு தேநீர் குடித்தார்.

"இதே மேசைலதான் மதாம். ஜனவரில முசியே யூலியன் ஒரு படிவம் கொண்டாந்தார். மூணு கேள்வி. கரையில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எத்தனை தடவை இறங்குகிறீர்கள்? அங்கே ஏதாவது கட்டியிருக்கிறீர்களா? ஒண்ணுமில்லை, இறங்கறதில்லை, இல்லைன்னு சொன்னார். எழுதிட்டேன்."

"ஐயா! போன மே மாசம் நீங்கள் அந்தப் படியிலை குந்தியிருந்து கட்லட் சாப்பிட்டனீங்கள்!"

"நாலு சாப்பிட்டேன். அதனாலதான் எழுதறப்ப கை கூசிச்சு. ஆனா கையெழுத்து அவரோடதாச்சே."

யூலியன் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்குமுன் இரண்டு மணித்தியாலம் வீட்டுக்கு வருவான். அன்றைக்கு வந்தவன் சப்பாத்தைக் கழற்றுமுன்னே படம் அவன் முன்னால் விரிந்தது.

"இதென்ன?"

"நீங்கள் எழுதிக் குடுத்ததின்ரை பலன். கரையிலை ஒண்டும் செய்யிறதில்லையாம். இறங்கிறதே இல்லையாம். அப்ப ஒவ்வொரு கோடைக்கும் அங்கை இறங்கிறது ஆர், எங்கட ஆவியோ?"

யூலியன் படத்தைப் பார்த்தான். பச்சையைப் பார்த்தான். மெதுவாகக் கதிரையில் இருந்தான்.

"படிவம் நீட்டுற கந்தோர்க்காரன் கேட்டால் இல்லை எண்டுதான் எழுதோணும். கன்னத்தைக் குடுத்தால் கழுத்தைப் பிடிப்பாங்கள். நாளைக்கு ஆர் படி கட்டினது, ஆரைக் கேட்டுக் கட்டினது எண்டு வருவாங்கள். நீர் ஒண்டும் விளங்காமல் கதைக்கிறீர்."

"அவங்கள் கேட்டது திட்டம் போடுறதுக்கு. வழக்குப் போடுறதுக்கில்லை."

"கேக்கேக்கை எல்லாம் நல்லாத்தான் கேப்பாங்கள்."

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். யூலியனின் மடியில் கனமான எதுவும் கிடையாது, பயம் மட்டும் மடி நிறைய. அதற்குக் காரணமும் உண்டு. முப்பது வருடத்துக்கு முன் அகதி விசாரணையில், கொழும்பில் இரண்டு மாதம் லொட்ஜில் நின்றதை அவர்கள் கேளாமலே சொன்னான். ஒளிக்க என்ன இருக்கிறது என்று நினைத்த வயது. கொழும்பில் பயமில்லாமல் இருந்திருக்கிறாயே என்று, அந்த இரண்டு மாதத்தைப் பிடித்துத்தான் அவனுடைய வழக்கை நிராகரித்தார்கள். அதன்பிறகு எட்டு வருடம் பேப்பரில்லாமல், மெத்ரோவில் பொலிசைக் கண்டால் அடுத்த பெட்டிக்கு மாறி மாறி வாழ்ந்தான். சூடு கண்ட பூனை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு என்ன சாப்பாடு ஒத்துவராது என்று கேட்டு வந்த தாளிலும் 'ஒன்றுமில்லை' என்று எழுதியவன். பிள்ளை இறால் சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்து வந்தது.

லா ஷப்பலில் இப்படி எத்தனையோ பேர். அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. கந்தோரில் புருசன் சொன்னதற்கு மேல் பெண்சாதி ஒரு சொல் கூட்டியோ குறைத்தோ சொல்லக்கூடாது. கதை ஒன்றாக இருக்கவேண்டும். அந்த ஒழுங்கை அருள்மலரும் முப்பது வருடம் காத்தவள்தான். அதனால்தான் அவளுக்குக் கோபத்தோடு கோபமாக அழுகையும் வந்தது.

"சனிக்கிழமை அங்கை கூட்டமாம்," என்றாள். "எழுதினது பிழையெண்டால் திருத்த அதுதான் கடைசி நாள். நான் சிரில் ஐயாவைக் கூட்டிக்கொண்டு போறன்."

"அவருக்குக் கார் ஓடத் தெரியாது."

"றெயின் இருக்குது."

"றெயினாலை இறங்கி மலையிலை பதினாலு கிலோமீற்றர் நடப்பீரோ, இந்தக் காலோடை?"

"நடப்பன். வீங்கின காலை விட ஒரு தண்ணி இருக்கோ எண்டுதானே கேக்கப் போறன்."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு யூலியன் கார்ச்சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். பின்சீற்றில் சிரில் ஐயா, அவர் மடியில் ஒரு தட்டம் நிறைய ரோல்ஸ். வெறுங்கையோடு ஒரு கூட்டத்துக்குப் போக அருள்மலருக்குத் தெரியாது.

வழியெல்லாம் மழை. பெருந்தெருவை விட்டு மலைப்பாதைக்குத் திரும்பியபிறகுதான் யூலியன் வாய் திறந்தான்.

"சரி. இறங்கிறனாங்கள் எண்டு சொல்லும். முந்தி எழுதினது பிழை, பாஷை விளங்கேல்லை எண்டு சொல்லும். ஆனால் படியைப் பற்றி வாய் திறக்கப்படாது. சத்தியம் பண்ணும்."

"அவங்கள் கேட்டால்?"

"தெரியாது எண்டும்."

அவள் மழையைப் பார்த்துக்கொண்டு "சரி" என்றாள். சிரில் ஐயா தட்டத்தின் மூடியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

ஊர் மண்டபத்தில் நாற்பது பேர் மட்டில் இருந்தார்கள். யூலியன் காரைவிட்டு இறங்கவில்லை. நடுவில் இரண்டு மேசையை ஒட்டி அந்தப் படத்தையே பாய் அளவுக்கு விரித்திருந்தார்கள். கொம்பனியின் சார்பில் வந்திருந்தவள் ரோசாலி என்ற இளம்பெண். சப்பாத்திலிருந்து முழங்கால்வரை சேறு. கரை முழுவதும் நடந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அருள்மலருக்கு உடனே பிடித்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் கரையின் முறை வந்ததும் எழுந்து பேசினார். ஒருவருக்கு மோட்டார்ப் படகு வேண்டும். இன்னொருவருக்குத் தவளை வேண்டும். மூன்றாமவர் இரண்டும் வேண்டாம், தன் ஜன்னலுக்கு நேரே இருக்கிற மரத்தை வெட்டினால் போதும் என்றார். வேலிச் சண்டை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் கொடுத்த வரம் என்று நினைத்திருந்த அருள்மலர் ஆவென்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேறு கேள்வி உண்டா?" என்றாள் ரோசாலி.

அருள்மலரின் கை தானாக எழுந்தது. கேட்க வந்தது வேறு. ஆனால் எட்டு வருடமாக அவளைக் குடைந்துகொண்டிருந்தது முந்திக்கொண்டது.

"ஐயா, கேளுங்கோ. இந்தத் தண்ணி ஆரைக் கேட்டு ஏறுது, ஆரைக் கேட்டு இறங்குது? கடலெண்டால் நிலவைப் பாக்கலாம். இது காலமை ஒரு படியிலை நிக்குது, பின்னேரம் ஒரு படி கீழை கிடக்குது. ஞாயிற்றுக்கிழமையிலை மட்டும் அசையாமல் நிக்குது."

சிரில் ஐயா மொழிபெயர்த்தார், 'படி' என்ற சொல்லைப் பக்குவமாக விழுங்கிவிட்டு. ரோசாலியின் முகம் மலர்ந்தது.

"நகரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் சமைக்கிறார்கள் அல்லவா? மாலை ஏழு மணிக்கு விளக்கு, அடுப்பு, எல்லாம். அப்போது மின்சாரம் போதாது. அணையைத் திறந்து தண்ணீரை விடுவோம். ஞாயிறு தொழிற்சாலைகள் மூடியிருக்கும், அவ்வளவு தேவைப்படாது."

லா ஷப்பலில் அருள்மலரின் அடுப்பு மின்சார அடுப்பு.

"அப்ப நான் அங்கை ரோல்ஸ் பொரிக்கேக்கை இஞ்சை தண்ணி இறங்குதோ?"

சிரில் ஐயா அதைச் சொன்னதும் மண்டபம் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு அது பகிடியாகப் படவில்லை. தன் தாச்சிக்கும் இந்தக் கரைக்கும் நடுவில் ஒரு கயிறு ஓடுகிறதென்று இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லையே என்றுதான் இருந்தது. இந்தத் தண்ணீரில் தனக்கும் ஒரு பங்கு உண்டென்று அவளுக்குத் துணிவு வந்தது.

"நான் பதினேழாம் வீடு," என்றாள், இந்தமுறை தன் உடைந்த பிரெஞ்சிலேயே. "பேப்பர் பிழை. நாங்கள் இறங்குகிறோம். ஒவ்வொரு தடவையும் இறங்குகிறோம். நான் காலை தண்ணீரில் வைக்கிறேன். என் கால்..." மேலே சொல் வரவில்லை. பாவாடையைச் சற்று உயர்த்திக் கணுக்காலைக் காட்டினாள். மூன்று மணித்தியாலக் கார்ப்பயணத்தில் அது மண்பானை மாதிரி இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. ரோசாலி படத்தருகே வந்தாள். "திருத்தலாம், அம்மா. அதற்குத்தான் இந்தக் கூட்டம். ஆனால் இன்னொன்று இருக்கிறது. போன கிழமை நான் அங்கே நடந்தபோது ஒரு சீமெந்துப் படியைப் பார்த்தேன். உங்கள் தாளில் எதுவும் கட்டவில்லை என்றிருக்கிறது. அதைக் கட்டியது யார்?"

அருள்மலர் தரையைப் பார்த்தாள். காரில் யூலியனுக்குச் சொன்ன 'சரி' நினைவில் நின்றது.

பதினாறாம் வீட்டு ரேமண்ட் எழுந்தார். எழுபது தாண்டிய மனிதர், அவளுடைய ரோல்ஸுக்கு அடிமை.

"அது பழைய படி. என் தகப்பன் காலத்திலிருந்தே கிடக்கிறது. யார் கட்டியதென்று ஊரில் யாருக்கும் தெரியாது," என்றார், கண் சிமிட்டாமல்.

அந்தப் பொய்யில் இருந்த அன்பு அருள்மலருக்கு விளங்கியது. கும்பிடலாம் போலிருந்தது. ஆனால் ரோசாலி தலையை ஆட்டினாள்.

"அப்படியென்றால் சிக்கல். உரிமையாளர் இல்லாத கட்டடத்தை விட்டுவைக்க முடியாது. நாளைக்கு யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பு யார்? தெரியாது என்று எழுதினால் உடைக்கத்தான் வேண்டும். ஒருவர் தன்னுடையது என்று பொறுப்பெடுத்தால், கேளாமல் கட்டியதற்கு ஒரு கண்டிப்புக் கடிதம் போகும். ஆனால் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். படி இருக்கும்."

சிரில் ஐயா அதைத் தமிழில் சொல்லி முடிக்கையில் அருள்மலர் வாசற்பக்கம் திரும்பினாள். அங்கே யூலியன் நின்றான். ரோல்ஸ் தட்டத்தை உள்ளே கொண்டுவந்தவன். எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது. இரண்டு கையிலும் தட்டம், தோளெல்லாம் மழை.

நான் சொல்லட்டோ என்று அவள் கண்ணால் கேட்டாள். சொல்ல வாய் துடித்தது. சொன்னால் படி மிஞ்சும். ஆனால் முப்பது வருடத்தில் ஒரு நாளும் அவனை விட்டுவிட்டு அவள் தனிக்கதை சொன்னதில்லை. அதை இன்றைக்குச் செய்தால் படி மட்டும்தான் மிஞ்சும் என்று பயந்தாள்.

ரோசாலி பேனையை எடுத்தாள். "சரி. கட்டியவர் தெரியாது என்று..."

"செ முவா."

தட்டத்துக்குப் பின்னாலிருந்து வந்த குரல் அது. நாற்பது தலையும் திரும்பின.

"நான்தான்," என்றான் யூலியன் மறுபடி, இந்தமுறை தமிழில், சிரில் ஐயாவைப் பார்த்து. "நான்தான் கட்டினது எண்டு சொல்லுங்கோ. அந்தாள் எனக்காகப் பொய் சொல்லுது. ஊரைக் கேக்காமல், கொம்பனியைக் கேக்காமல், நான் என்ரை கையாலை கட்டினது. இவவின்ரை காலுக்காக."

தட்டம் ஒரு பக்கம் சரிந்தது. ரேமண்ட் ஓடிப்போய்த் தட்டத்தை வாங்கிக்கொண்டார்.

"நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன்," என்றார் ரேமண்ட் அசடு வழிய. "நீங்கள் பாரிசில் இருக்கும்போது தினமும் காலை அந்தப் படியில் இறங்கித்தான் நான் நீந்துகிறேன்."

சிரில் ஐயா சொன்னதும் யூலியனின் புருவம் ஏறியது. "கேளாமலோ?" என்றான். பிறகு தான் கேட்ட கேள்வி தனக்கே திரும்பி வந்ததை உணர்ந்து வாயை மூடிக்கொண்டான்.

ரோசாலி ஒரு புதிய படிவத்தை மேசையில் வைத்தாள். சிரில் ஐயா கண்ணாடியை மாற்றினார். யூலியன் பக்கத்தில் வந்து, விசாரணைக்கு வந்தவன்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எப்போது கட்டியது? இரண்டாயிரத்துப் பதினெட்டு, ஒக்ரோபர். அணையைச் சோதிக்கவென்று தண்ணீரை அடியோடு இறக்கிய வருடம். எதைக்கொண்டு? சீமெந்து, கம்பி, ஆற்றுக்கல்.

"எத்தனை படி?"

அருள்மலர் முந்திக்கொண்டாள். எட்டு வருடம் தண்ணீரை அளந்தவள் அவளல்லவா. "பதினொண்டு. எழுதுங்கோ ஐயா, பதினொண்டு."

சிரில் ஐயா எழுதினார்.

"பன்னிரண்டு," என்றான் யூலியன்.

"இல்லையப்பா, நான் எண்ணியிருக்கிறன். எவ்வளவு வத்தினாலும் பதினொண்டுதான்."

"அதுக்குக் கீழை ஒண்டு கிடக்கு. தண்ணி இல்லாத நேரம் வைச்சது. எப்பவாவது நீர் சறுக்கினால் கால் நிக்க ஒரு இடம் வேணுமெண்டு. ஒருநாளும் வெளியிலை தெரியாது, அதாலைதான் உமக்கும் சொல்லேல்லை." அவன் குனிந்து தாளில் இருந்த எண்ணின்மேல் விரலை வைத்தான். "ஐயா, இதை வெட்டுங்கோ. பன்னிரண்டு எண்டு எழுதுங்கோ."